கறள் கழன்ற ஜீப்பும் கைவிடாத தொழிலும்

ஞாயிற்றுக்கிழமைகளில் லாச்சப்பலுக்கு வராமல் இருக்கக்கூடிய தமிழ்க் குடும்பங்கள் பாரிஸ் புறநகரில் மிகச் சிலவே. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கவென்று வருகிறோம். உண்மையில் நாலு மனிதர்களின் முகத்தைப் பார்க்கவே வருகிறோம். புகையிரத மேடைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடை ஒன்றில் அவ்வாறு நான் சந்திக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் வாகனம் திருத்துபவராக இருந்தவர். இங்கே வந்தபின் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவியும் காய்கறி வெட்டியும் காலத்தை ஓட்டியவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள், தேநீரைக் கையில் ஏந்தியபடி அவர் மெதுவாகச் சொன்னார்:

“மாஸ்ரர், ஒரு பழைய ஜீப் வாங்கிப் போட்டன். மனிசி ரெண்டு நாளாக் கதைக்கிறா இல்லை. நீங்கள் ஒருக்கா வீட்டுப் பக்கம் வரவேணும்.”

அந்த ஜீப்பின் கதையையே இக்கட்டுரையில் எழுத முனைகிறேன். பழைய வாகனமொன்றை வீட்டிலேயே திருத்தி எடுப்பது எவ்வாறு என்பதும் இதில் வரும். அதைவிட முக்கியமான வேறொன்றும் வரும்.

ஒரே வாகனம், இரு நினைவுகள்

93ஆம் மாவட்டத்தில் சிறு முற்றமும் ஒரு வாகனக் கொட்டகையும் கொண்ட வீடு நண்பருடையது. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பச்சை வர்ணம் உரிந்து, இருக்கைகள் கிழிந்து, நான்கு ரயர்களும் காற்றிழந்து, தரையோடு தரையாக அமர்ந்திருந்தது ஓர் இராணுவ ஜீப். வாசலில் நின்ற நண்பரின் மனைவி என்னைக் கண்டதும் குரலை உயர்த்தினார்.

“மாஸ்ரர், நீங்களாவது இவருக்குப் புத்தி சொல்லுங்கோ. ஊரிலை ஜீப் சத்தம் கேட்டால் நாங்கள் விளக்கை நூர்த்துப் போட்டு மூச்சடக்கிக்கொண்டு கிடந்தனாங்கள். என்ரை அண்ணனைக் கொண்டு போனதும் இப்பிடியொரு சாமான்தான். அதைக் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ளை கொண்டு வந்து வைக்கிறதோ?”

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. எண்பதுகளிலே வடக்கில் வளர்ந்த எவருக்குமே ஜீப் என்பது போக்குவரத்துச் சாதனம் அல்ல. அது சுற்றிவளைப்பின் முன்னறிவிப்பு. இரவில் ஒழுங்கை முகப்பில் அது வேகம் குறைக்கும் ஓசையை இன்றும் கனவில் கேட்பவர்கள் எம்மிடையே உள்ளனர்.

அதே நாளில், மதிலுக்கு அப்பால் வாழும் பிரெஞ்சு மூதாட்டி ஒருவர் எட்டிப் பார்த்தார். எண்பத்தைந்து வயதைத் தாண்டியவர். ஜீப்பைக் கண்டதும் அவர் கண்கள் கலங்கின. 1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பாரிஸ் நகரம் நாசிகளிடமிருந்து விடுவிக்கப்பட்டபோது அவர் சிறுமி. தந்தையின் தோளில் இருந்தபடி அவர் முதன்முதலாகக் கண்ட ‘விடுதலை’ ஒரு ஜீப்பில்தான் வந்ததாம். ஒரே இரும்பு, ஒருத்திக்கு அச்சம், ஒருத்திக்கு ஆனந்தக் கண்ணீர். பொருளில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. அதில் ஏறி வந்தவர்களே அதற்குப் பொருள் கொடுத்துச் சென்றனர் என்று அன்று எண்ணிக்கொண்டேன். ஆயினும் அதை நண்பரின் மனைவியிடம் சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை.

ஜீப் பிறந்த கதை

இவ்வாகனத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்க இராணுவம் 1940ஆம் ஆண்டில் இலகுவான, நான்கு சில்லுகளும் இயங்கக்கூடிய வாகனமொன்றைக் கோரியது. பான்ரம் என்னும் சிறு நிறுவனம் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பெருந்தொகையான உற்பத்தியோ வில்லிஸ், போர்ட் ஆகிய நிறுவனங்களின் கைக்குப் போயிற்று. உலகப் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன.

போருக்குப் பின்னர் அவை உலகெங்கும் சிதறின. இங்கிலாந்தில் றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸிலுள்ள தமது பண்ணையில் பழைய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்ற யோசனையே லான்ட் றோவராக உருவெடுத்து, 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வெளிவந்தது. அக்காலத்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டினால் அமைத்தார்கள். இலங்கை மலைநாட்டில் அரை நூற்றாண்டைக் கடந்த லான்ட் றோவர்கள் இன்றும் மலைப்பாதைகளில் ஏறி இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் நாற்பதுகளின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கியது. தேனி, போடிப் பகுதிகளிலிருந்து கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்பவை அவற்றின் வழிவந்த ஜீப்புகளே.

நண்பர் வாங்கியது அமெரிக்காவில் செய்யப்பட்டது அன்று. எமக்கு மிக அண்மையில், செந்தனியில் இயங்கிய ஒச்கிஸ் நிறுவனம், வில்லிஸின் அனுமதியுடன் பிரெஞ்சு இராணுவத்துக்கென ‘எம் 201’ என்ற ஜீப்பைச் செய்தது. 1950களின் நடுப்பகுதி தொடக்கம் 1966 வரை 27,000க்கும் மேற்பட்டவை வெளிவந்தன. லாச்சப்பலில் இருந்து செந்தனிக்குப் புகையிரதத்தில் சில நிமிடப் பயணம். நாம் தினமும் வேலைக்குப் போய்வரும் பாதையோரத்தில் இப்படியொரு வரலாறு கிடப்பதை எம்மில் பலர் அறியோம்.

இன்னொன்றும் உண்டு. அதே 93ஆம் மாவட்டத்தில், நுய்யி பிளேசான்ஸ் நகரின் லா மல்தூர்னே என்னுமிடத்தில், பிரெஞ்சு இராணுவத்தின் பெரும் திருத்தகம் ஒன்று இருந்தது. போரில் அடிபட்ட அமெரிக்க ஜீப்புகளை அங்கே அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றுவார்கள். எஞ்சின்கள் ஒரு பக்கம், அடிச்சட்டங்கள் ஒரு பக்கம், உடல்கள் ஒரு பக்கம். திருத்தியபின் கைக்கு வந்ததை எடுத்து மறுபடி பொருத்துவார்கள். ஆகவே அங்கிருந்து வெளிவந்த ஜீப்பில் ஒன்றின் எஞ்சின் இன்னொன்றின் அடிச்சட்டத்தில் இருக்கும். பிறந்த வடிவில் எதுவும் இராது. ஆனால் எல்லாம் ஓடின. எங்கள் நண்பர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “எங்கடை சனமும் அப்பிடித்தானே மாஸ்ரர்” என்றார்.

மண்ணெண்ணெயில் கற்ற பாடம்

இந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? அதை அறிய 1990க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதும் யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகங்கள் என்று தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. எஞ்சியிருந்தது பங்கீட்டில் கிடைத்த மண்ணெண்ணெய் மட்டுமே. அப்போது புதிய யப்பானிய வாகனங்கள் கொட்டில்களுக்குள் உறங்க, தாத்தா காலத்து ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் சமர்செற்றும் மொறிஸ் மைனரும் தெருவில் ஓடின. இளைய வாசகர்கள் இதை நம்ப மறுக்கலாம். காரணம் எளிது.

பெற்றோல் எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் கலந்த ஆவி அமுக்கப்பட்டு, பின் பொறி பட்டு எரிகிறது. மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தைத் தாங்காது. பொறி வருமுன்னரே வெடித்து எஞ்சினைச் சுத்தியலால் அடிப்பது போல் தட்டும். புதிய எஞ்சின்களில் அமுக்கம் கூட. பழையவற்றிலோ குறைவு. எடுத்துக்காட்டாக, வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் கலவையை ஏறத்தாழ ஆறரை மடங்கு மட்டுமே அமுக்குகிறது. எனவே பழைய எஞ்சின் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவது சிக்கல், குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறிய மருந்துப் போத்தலில் உயிரைப்போல் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் கார்பரேற்றரின் வாயில் பீச்சி, கைப்பிடியைப் போட்டுச் சுற்றி எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய் தன்பாட்டில் எரியும். பின்னால் வெண்புகை கிளம்பும். தெருவெல்லாம் குப்பி விளக்கு மணக்கும். இது எம்மவரின் மந்திரம் அன்று. பெர்குசன் உழவு இயந்திரத்தில் பெற்றோலில் எழுப்பி, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடும் வகையொன்று 1949இலேயே வந்துவிட்டது. எங்கள் தோட்டங்களில் உழவு இயந்திரத்தைப் பழக்கிய கைகள், அதே அறிவைக் காருக்கும் கொண்டுவந்தன.

விலையும் இருந்தது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து ஓயிலை நீர்க்கச் செய்யும். பிளக்குகளில் கரி படியும். எனவே இரண்டு நாளுக்கொரு தடவை கழற்றித் துடைக்கவேண்டும். அந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் நண்பரின் கொட்டிலில் கழற்றப்படாத எஞ்சின் இல்லை. உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் உதிரிப்பாகத்தைச் செய்தார். செய்ய முடியாத இடத்தில் அது இல்லாமலே ஓட வைத்தார். கர்ப்பிணிகளையும் காயக்காரரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார்கள் அவை.

அந்த அறிவுக்கு இந்த நாட்டில் ஒரு தாளும் இருக்கவில்லை. அகதி விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘மெக்கானிக்’ என்று எழுதினார். அதன்பின் எவரும் அதைப்பற்றி அவரிடம் கேட்கவில்லை.

கழற்றுவதும் ஒரு கல்வி

முதல் மாதம் முழுவதும் அவர் எதையும் திருத்தவில்லை. பார்த்தார், தட்டினார், எழுதினார். பழைய வாகனம் வாங்க எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும். எஞ்சின் ஓடாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அடிச்சட்டம் கறள் தின்றிருக்கிறதா என்பதையே முதலிற் பார்க்கவேண்டும். சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டு போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். கறள் தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. லான்ட் றோவராயின், உடல் அலுமினியம் என்று மயங்கிவிடக் கூடாது. அதன் அடிச்சட்டமும் முன்தட்டியும் இரும்புதான்.

இந்தக் கட்டத்தில்தான் மகள் கொட்டகைக்குள் வந்தாள். பதினாறு வயது. தகப்பனோடு பேசுவதற்குச் சொல் இல்லாத பிள்ளை. தமிழ் விளங்கும், வாயில் வராது. தகப்பனுக்கோ பிரெஞ்சு சமையலறை அளவோடு நின்றுவிட்டது. சில்லைக் கழற்ற அவள் ஸ்பானரைப் பிடித்து முழுப் பலத்தோடும் இழுத்தாள். நட்டு அசையவில்லை. நண்பர் அருகே போய் ஸ்பானரை மறுபக்கம் திருப்பி வைத்தார். இடதுபக்கச் சில்லு நட்டுகள் மறுதிசையில் கழலும்படி செய்யப்பட்டவை. ஓட்டத்தில் தாமாகக் கழன்றுவிடாதிருக்க அந்த ஏற்பாடு. நட்டு ‘கிறீச்’ என்று அசைந்தது. அவள் சிரித்தாள். “அப்பா, ஏன்?” என்றாள். பல மாதங்களின் பின்னர் அவள் தகப்பனிடம் கேட்ட முதற் கேள்வி அது என்று அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

அன்றிலிருந்து கழற்றிய ஒவ்வொரு துண்டையும் அவள் கைபேசியிற் படம் பிடித்தாள். பால்மா ரின்களிலும் ஐஸ்கிறீம் பெட்டிகளிலும் நட்டுகளைத் தனித்தனியே இட்டுப் பெயர் எழுதி ஒட்டினாள். ‘முன் இடது சில்லு’, ‘கியர் மூடி’ என்று அவள் தமிழில் எழுதியதில் எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆசிரியனாகிய நான் ஒன்றையும் திருத்தவில்லை.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. அவசரப்பட்டிருந்தால் உடைந்திருக்கும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, துவாரங்களுள் மெல்லிய எண்ணெய் விட்டு, பத்து நாள் பொறுத்தார்கள். பிறகு கைப்பிடியால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தபோது அது இளகியது. வால்வுகளைப் பசை பூசி அரைத்து இருக்கையில் பொருத்துவது, பொறி கொடுக்கும் முனைகளின் இடைவெளியை அரை மில்லிமீற்றருக்குச் சரிசெய்வது, கார்பரேற்றரின் நூலளவு துவாரங்களைக் கம்பியால் குத்தாமல் காற்றால் ஊதித் துப்புரவாக்குவது ஆகிய யாவற்றையும் மகளே செய்தாள். இந்த ஜீப்பின் மின்சாரம் 24 வோல்ற். பன்னிரண்டு வோல்ற் பற்றறிகள் இரண்டைத் தொடராக இணைக்கவேண்டும். பாடசாலையில் படித்த பௌதிகம் கொட்டகையில்தான் அவளுக்கு விளங்கியதாம்.

உயிரோடு விளையாட வேண்டாம்

வீட்டில் வேலை செய்வோர் சில விடயங்களில் சற்றும் அசட்டையாக இருத்தல் ஆகாது.

வாகனத்தை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அதன் கீழ் ஒருபோதும் நுழையக் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். ஊரில் மரக்குற்றி வைத்துப் பழகியவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

பழைய பிறேக் பட்டிகளிலும் கிளச் தட்டுகளிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். பிரான்சு 1997 தை முதலாம் நாள் தொடக்கம் அதைத் தடைசெய்தது. ஆனால் அதற்கு முந்திய வாகனங்களுக்குள் அது இன்றும் இருக்கலாம். அத்தூள் சுவாசப்பையில் புற்றுநோயை விளைவிக்கும். பிறேக் தூளைக் காற்றடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி ஒப்படைக்கவேண்டும். முகமூடி கட்டாயம்.

பெற்றோல் தாங்கியை எக்காரணம் கொண்டும் வீட்டில் வெல்டிங் செய்யக் கூடாது. வெறுமையான தாங்கியிலும் ஆவி நிற்கும். அது குண்டுக்குச் சமன். ஜீப்பில் தாங்கி சாரதி இருக்கைக்கு நேர்கீழே இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். உள்ளே கறள் பிடித்திருந்தால் கூழாங்கற்களை இட்டுக் குலுக்கிக் கழுவலாம். ஓட்டையானால் புதிது வாங்குவதே நல்லது.

இன்றைய பெற்றோலில் தாவர மதுசாரம் கலந்திருக்கிறது. ‘ஈ 10’ என்று குறிக்கப்பட்டதில் பத்து வீதம் வரை உண்டு. அது பழைய இறப்பர்க் குழாய்களை அரித்து ஒழுகச் செய்யும். ஆகவே குழாய்களைப் புதிதாக மாற்றி, மதுசாரம் குறைந்த 98 ரகத்தைப் பாவிப்பது நன்று.

நண்பரும் ஒரு பிழை விட்டார். எஞ்சின் உயிர்த்த மகிழ்ச்சியில், பிறேக் வேலை முடியுமுன் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். மிதித்தார், கால் தரைவரை போயிற்று. ஆண்டுக்கணக்கில் நின்ற வாகனத்தில் பிறேக் சிலிண்டர்கள் உள்ளே கறள் பிடித்திருக்கும் என்று பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர். மதிலில் மோதி நின்றது. நல்லகாலம், முற்றத்தில் ஒருவரும் இல்லை. மூதாட்டி எட்டிப் பார்த்து, “விடுதலை மறுபடியும் வந்துவிட்டதா?” என்று கேட்டாராம். முதலில் நிற்கப் பழக்கு, பிறகு ஓடப் பழக்கு என்பதை அன்று மகள் தகப்பனுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

சட்டத்தையும் அறிந்து கொள்வோம்

தெருவோரத்தில் வாகனம் திருத்துவதைப் பல நகரசபைகள் தடைசெய்துள்ளன. தொடர்மாடிக் குடியிருப்புகளின் தரிப்பிடங்களிலும் பெரும்பாலும் அனுமதி இல்லை. சொந்தக் கொட்டகையோ முற்றமோ இருப்பவர்களே இதில் இறங்கவேண்டும். கழிவு ஓயிலைச் சாக்கடையில் ஊற்றுவது குற்றம். நகரசபையின் கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்கலாம்.

வாங்கும்போது வாகனப் பதிவுத்தாளாகிய ‘கார்ட் கிறீஸ்’ இல்லாத வாகனத்தைக் கூடியவரை தவிர்க்கவும். அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கமும் தாளில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்க்கவும். ஓடும் நிலையில் உள்ள வாகனம் கொட்டகைக்குள் நின்றாலும் காப்புறுதி கட்டாயம் என்பதைப் பலர் அறியார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், இப்போது உற்பத்தியில் இல்லாததும், அடிப்படை அமைப்பு மாற்றப்படாததுமான வாகனத்துக்குப் ‘பழம்பொருள் வாகனம்’ என்ற பதிவைப் பெறலாம். பழமை வாகனங்களுக்கான பிரெஞ்சுச் சம்மேளனம் அதற்குரிய சான்றிதழை வழங்குகிறது. அப்பதிவு கிடைத்தால் தொழில்நுட்பப் பரிசோதனை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். 1960க்கு முந்திய இலகு வாகனங்களுக்கு அதுவும் இல்லை. நண்பரின் ஜீப் அறுபதுகளைச் சேர்ந்ததாகையால் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. ஒரே தடவையில் தேறிற்று.

எந்த நிறம் பூசுவது?

இரும்பு வேலை முடிந்தது. நிறம் பூசுவதில்தான் வீடு இரண்டுபட்டது. பழைய வாகனப் பிரியர்கள் இராணுவப் பச்சையே முறை என்பார்கள். மகளுக்கும் அதில் ஒரு சாய்வு. தாய் ஒரே சொல்லில் மறுத்தார்: “பச்சை பூசினால் நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்.”

வெள்ளை பூசலாம் என்றேன் நான். தொண்ணூறுகளிலே செஞ்சிலுவைச் சங்கமும், பிரான்சின் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் யாழ்ப்பாணத்தில் பணியாற்றியதை நினைத்துச் சொன்னேன். நண்பர் தலையை ஆட்டினார். “வெள்ளையோ மாஸ்ரர்? வெள்ளை வானை மறந்து போனியளோ?” என்றார். பிற்காலத்தில் ஆட்களைக் கடத்திச் சென்ற அந்த வாகனங்களின் நினைவு ஒரு கணத்தில் எம் எல்லோரையும் மௌனமாக்கியது. எமக்குக் களங்கமில்லாத நிறம் ஒன்றுகூட மிஞ்சவில்லையோ என்று தோன்றிற்று.

அப்போது மகள் தாயிடம் கேட்டாள்: “அம்மா, உங்களுக்குப் பிடிச்ச கார் ஒண்டும் ஊரிலை இருக்கேல்லையா?”

தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தமது மூத்த அக்காவின் திருமணத்துக்கு வாடகைக்கு வந்த மொறிஸ் மைனரைப் பற்றிச் சொன்னார். மங்கிய நீலம். முன்பக்கத்தில் மாலை கட்டியிருந்தார்கள். பின் இருக்கையில் அண்ணனின் மடியில் இருந்து அவர் கோவில்வரை போனாராம். இராணுவம் கொண்டுபோன அதே அண்ணன்.

அண்ணன் போன விதத்தையே அந்த வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். அண்ணன் சிரித்தபடி காரில் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். ஜீப்புக்கு மங்கிய நீலம் பூசப்பட்டது. தாயே ஒரு பக்கத்தைப் பூசினார்.

முடிக்காமல் வந்த வேலை

கடந்த வசந்தத்தில் ஜீப் முதன்முறையாகத் தெருவில் இறங்கியது. சாரதி இருக்கையில் நண்பர், பக்கத்தில் மனைவி, பின்னால் மகளும் நானும். நான்கு தெரு சுற்றி வந்தோம். இறங்கியபின் நண்பர் பனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினையே பார்த்தபடி நின்றார். பின்னர் சொன்னார்:

“1995 ஐப்பசி இடம்பெயர்வு நினைவிருக்கோ மாஸ்ரர்? அன்றைக்கு என்ரை கொட்டிலிலை ஒரு ஒஸ்ரின் எஞ்சின் கழட்டின படி கிடந்தது. எல்லாத் துண்டையும் சாக்கிலை ஒழுங்கா அடுக்கி வைச்சிருந்தனான். ஒரு கிழவன்ரை கார். ‘நாளைக்குத் தாறன் அப்பு’ எண்டு சொன்னனான். அதை முடிக்காமல் வந்திட்டன்.”

அந்த ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தபோது நானும் அதில் நடந்தேன். எத்தனை வேலைகளை எத்தனை பேர் அரைகுறையாக விட்டு வந்தோம்! நான் திருத்தாத விடைத்தாள்கள் ஒரு கட்டு மேசையில் கிடந்தது. அவை என்னவாயின என்று இன்றும் அறியேன். ஒரு ஒஸ்ரினுக்கு ஒரு ஜீப் ஈடாகாது என்பது நண்பருக்கும் தெரியும். ஆனால் கழற்றியதை ஒருமுறையாவது முழுதாகப் பூட்டி முடித்தார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இக்கட்டுரையைப் படிக்கும் எல்லோரும் ஜீப் வாங்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பணமும் இடமும் பொறுமையும் கேட்கும் வேலை அது. இரண்டு ஆண்டு வார இறுதிகள் இதற்கே போயின. ஆனால் உங்கள் வீட்டிலும் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு கை இருக்கக்கூடும். தச்சு வேலை, தையல், வானொலி திருத்தம், வலை பின்னல், தோட்டம் என்று ஊரில் ஏதோ ஒன்றைச் செய்து வாழ்ந்தவர்கள்தான் நாம். இங்கே வந்து கோப்பை கழுவியதால் அந்தக் கை மறந்துவிடவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்புகிறோம், நல்லது. கறள், சில்லு, நூல், ஊசி, உளி என்ற சொற்களை அவர்கள் கையால் தொட்டுக் கற்கும் வகுப்பு வீட்டிலேயே இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். அனுபவத்தால் பெற்ற அறிவைப் பட்டயமாக்கும் வழியொன்றை இந்நாடு 2002 தை மாதச் சட்டத்தின் மூலம் ஏற்படுத்தியுள்ளது. வெளிநாட்டில் செய்த தொழில் அனுபவமும் அதில் கணக்கிற் கொள்ளப்படும். எங்கள் நண்பர் இதை ஐம்பது வயதைத் தாண்டிய பின்னரே கேள்விப்பட்டார். “இருபது வருசத்துக்கு முந்தி ஆரும் சொல்லியிருந்தால்” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. இளைய தகப்பன்மாரும் தாய்மாரும் அவ்வாறு பின்னர் வருந்தக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நகரசபையிலோ வேலை தேடுவோர் நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். மொழி தடையானால் உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நண்பரின் மகள் அடுத்த ஆண்டு என்ன படிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் சென்ற ஞாயிறு லாச்சப்பலில் தகப்பனும் மகளும் என்னைக் கடந்து போனார்கள். இருவரும் உரத்த குரலில் ஏதோ வாக்குவாதப்பட்டுக்கொண்டு போனார்கள். கியர்ப் பெட்டியைப் பற்றித்தான். தமிழில்.